கேம் நோட்ஸ் டு டேட்டாசெட்: கிறுக்கி வச்சதை அட்டவணை ஆக்குறது எப்படி?

(இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

கேம் விளையாடுற எல்லாருக்கும் ஒரு ரகசியப் பழக்கம் இருக்கு. எங்கேயாவது குறிப்பு எழுதி வச்சிருப்போம். வாட்ஸ்அப்ல நமக்கு நாமே அனுப்பிக்கிட்ட மெசேஜ், கேலரியில குவிஞ்சு கிடக்குற ஸ்க்ரீன்ஷாட், காலேஜ் நோட்டோட கடைசிப் பக்கம். "மழை வந்தா ஆத்துக்குப் போ", "இந்த பாஸுக்கு நெருப்பு வேலைக்கு ஆகாது", "நாளைக்கு கடை லீவு" இப்படி.

இன்னைக்கு எபிசோட்ல அந்தக் கிறுக்கலை ஒரு ஒழுங்கான டேட்டாசெட்டா எப்படி மாத்துறதுன்னு பேசப்போறோம். கோடிங் தெரியணும்னு அவசியமில்ல. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறக்கத் தெரிஞ்சா போதும்.

விக்கி இருக்கே, அப்புறம் எதுக்கு?

முதல்ல இந்தக் கேள்வியை முடிச்சிடலாம். எந்த கேமை எடுத்தாலும் ரசிகர்கள் எழுதின விக்கி இருக்கு. ஒரு தேடல்ல பதில் வந்துடுது. நான் ஏன் உட்கார்ந்து டைப் பண்ணணும்?

மூணு காரணம் சொல்றேன். ஒண்ணு, அந்த விக்கியே இப்படி யாரோ எழுதி வச்ச குறிப்புகள்ல இருந்துதான் வளர்ந்தது. ரெண்டு, கேம் எப்படி இயங்குதுன்னு விக்கி சொல்லும். நீங்க எப்படி விளையாடுறீங்க, எவ்வளவு நேரமும் காசும் போச்சுன்னு அதுக்குத் தெரியாது. மூணு, கேம் போயிடும்.

மூணாவதைக் கொஞ்சம் யோசிங்க. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி இந்திய அரசு 118 ஆப்களைத் தடை பண்ணுச்சு. அதுல பப்ஜி மொபைலும் ஒண்ணு. நம்ம கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். 2014ல வந்த 'தி க்ரூ' கார் ரேஸ் கேமோட சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. ஆன்லைன் இல்லாம அது ஓடாது. காசு கொடுத்து வாங்கினவங்களாலயும் அப்புறம் விளையாட முடியல. இப்படி ஒரு கேம் போனதுக்கு அப்புறம் "அது எப்படி இருந்துச்சு"ன்னு சொல்ல மிஞ்சுறது வீடியோவும் ஆட்டக்காரங்க குறிப்பும்தான்.

ஒரு வரி, நாலு விஷயம்

உதாரணத்துக்கு ஸ்டார்ட்யூ வேலியை எடுத்துக்குவோம். எரிக் பரோன்ங்கிறவர் தனி ஆளா உருவாக்கி, 2016 பிப்ரவரியில வெளியிட்ட விவசாய கேம். வருஷத்துக்கு நாலு பருவம், ஒவ்வொண்ணுக்கும் 28 நாள். பயிர் போடலாம், மீன் பிடிக்கலாம், ஊர்க்காரங்களுக்குப் பரிசு கொடுத்து நட்பு பிடிக்கலாம். குறிப்பு எழுதாம இந்த கேமை விளையாடுறவங்க ரொம்பக் குறைவு.

அதுல ஒரு சராசரி நோட் இப்படித்தான் இருக்கும்:

"ப்ளூபெர்ரி செம லாபம். மழைன்னா ஆத்துல கேட்ஃபிஷ். ஷேனுக்கு மிளகாய் பிடிக்கும். 13 – முட்டைத் திருவிழா, ஸ்ட்ராபெர்ரி விதை 100."

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நாலு தனித்தனி விஷயம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு பயிர், ஒரு மீன், ஒரு ஆள், ஒரு நாள். பயிருக்கு விலையும் வளர்ற நாளும் முக்கியம். மீனுக்கு இடம், பருவம், வானிலை. ஆளுக்குப் பிடிச்சது, பிடிக்காதது. இதையெல்லாம் ஒரே ஷீட்ல போட்டா பாதிக் கட்டம் காலியா கிடக்கும்.

அதனால முதல் வேலை, வகை பிரிக்கிறது. பயிர் ஒரு டேபிள், மீன் ஒரு டேபிள், ஆட்கள் ஒரு டேபிள், திருவிழா ஒரு டேபிள். இந்த யோசனை புதுசு இல்ல. ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் 1970ல எழுதின ஒரு கட்டுரையில இருந்துதான் இன்னைக்கு நாம பார்க்கிற டேபிள் வடிவ டேட்டாபேஸ் எல்லாம் கிளம்புச்சு. 2014ல ஹாட்லி விக்கம் 'டைடி டேட்டா'ன்னு ஒரு கட்டுரையில இதை இன்னும் எளிமையா சொன்னார்: அளக்குற ஒவ்வொரு விஷயமும் ஒரு காலம், பார்த்த ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரிசை, ஒவ்வொரு வகையும் ஒரு டேபிள். இந்த மூணு விதியை ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிக்கோங்க. முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரி.

கேள்வி முதல்ல, காலம் அப்புறம்

நிறைய பேர் ஷீட்டைத் திறந்ததும் இருபது காலம் போட்டுடுவாங்க. ரெண்டே நாள்ல அலுத்துப் போயிடும். அதுக்குப் பதிலா ஒரு கேள்வியோட ஆரம்பிங்க. "எந்தப் பயிர் நல்ல லாபம்?" ஒரே ஒரு கேள்வி.

இதுக்கு என்னென்ன தெரியணும்? விதை விலை, விற்கிற விலை, எத்தனை நாள்ல விளையும், ஒரு தடவைதானா இல்ல மறுபடி மறுபடி காய்க்குமா. அவ்வளவுதான். உரம், நட்சத்திரத் தரம் எதுவும் சேர்க்காம அடிப்படை விலையிலயே கணக்குப் போடுவோம்.

பார்ஸ்னிப்: விதை 20, விற்கிறது 35, 4 நாள். ஒரு நாளைக்கு 3.75 கோல்டு. கேல் கீரை: 70, 110, 6 நாள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 6.7. காலிஃப்ளவர்: 80, 175, 12 நாள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 7.9. சரி, காலிஃப்ளவர் ஜெயிச்சுடுச்சு.

இப்போ ஸ்ட்ராபெர்ரி. விதை 100, பழம் 120, முதல் அறுவடைக்கு 8 நாள், அப்புறம் 4 நாளுக்கு ஒரு தடவை. இதோட லாபம் எவ்வளவு?

இங்கதான் டேபிள் நமக்கு ஒரு பாடம் எடுக்குது. முதல் வருஷம் விதை கிடைக்கிறதே 13ஆம் தேதி திருவிழாவுலதான். அன்னைக்கே நட்டா 21, 25னு ரெண்டு அறுவடை. 240 வருது, விதைக்காசு போக 140. அதே விதையை வாங்கி வச்சு, அடுத்த வருஷம் 1ஆம் தேதி நட்டா? 9, 13, 17, 21, 25. அஞ்சு அறுவடை. 600 வருது, விதைக்காசு போக 500.

அதே பயிர், அதே விலை. ஆனா 140க்கும் 500க்கும் எவ்வளவு தூரம் பாருங்க. அப்போ 'லாபம்'ங்கிறது பயிரோட குணமே இல்ல. எப்போ நட்டோம்ங்கிறதைப் பொறுத்த விஷயம். அதனால ரெண்டு டேபிள் வேணும். 'பயிர்' டேபிள்ல மாறாத விஷயங்கள்: விதை விலை, நாட்கள், விற்பனை விலை. 'நட்டது' டேபிள்ல நீங்க செஞ்சது: எந்த நாள், எத்தனை விதை, எத்தனை அறுவடை, கையில எவ்வளவு வந்துச்சு. லாபத்தை நீங்க டைப் பண்ணவே வேண்டாம். ரெண்டு டேபிளையும் சேர்த்து ஃபார்முலா கணக்குப் போட்டுக்கும்.

"ப்ளூபெர்ரி செம லாபம்"ங்கிற நோட்டுக்கும் இப்போ ஒரு அர்த்தம் கிடைக்கும். கோடையில 1ஆம் தேதி நட்டா 14, 18, 22, 26னு நாலு அறுவடை, தடவைக்கு 3 பழம், பழம் 50. மொத்தம் 600, விதை 80 போக 520. அதே இடத்துல மெலன் போட்டா ரெண்டு தடவைதான் முடியும். தடவைக்கு 170 வீதம் 340. "செம"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு நம்பர் வந்துடுச்சு.

கிடைக்காததையும் எழுதுங்க

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க.

நம்ம நோட்ஸ் எல்லாமே வெற்றிக் குறிப்புகள். "இன்னைக்கு அந்த வாள் கிடைச்சது!" சரி, எத்தனை தடவை அடிச்சு கிடைச்சது? அதை யாரும் எழுதுறதில்ல. வகுக்க வேண்டிய நம்பர் இல்லாம விகிதம் கண்டுபிடிக்க முடியாது.

நூத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற பொருள்னு வைங்க. நூறு தடவை முயற்சி பண்ணா கட்டாயம் கிடைச்சிடும்னு மனசு சொல்லும். கணக்குப் போட்டா, நூறு தடவை பண்ணியும் ஒண்ணுமே கிடைக்காம இருக்க சுமார் 37 சதவீதம் வாய்ப்பு இருக்கு. மூணுல ஒருத்தருக்கு மேல வெறுங்கையோடதான் திரும்புவாங்க. அவங்களுக்கு கேம் பக் ஆயிடுச்சுன்னு தோணும். அதெல்லாம் ஒண்ணுமில்ல.

இன்னொரு கைக்கணக்கும் இருக்கு. ஒரு விஷயத்தை எத்தனையோ தடவை முயற்சி பண்ணி ஒரு தடவை கூட நடக்கலைன்னா, 3ஐ அந்த எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. 60 தடவை பூஜ்ஜியம்னா 3/60, அதாவது 5 சதவீதம். "இது நடக்கவே நடக்காது"ன்னு சொல்ல முடியாது. "அநேகமா 5 சதவீதத்துக்குக் கீழ"ன்னு மட்டும்தான் சொல்லலாம்.

காசு விஷயம்: காச்சா

இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கு இல்ல. காச்சா கேம்ஸ்ல நிஜக் காசு போகுது. கென்ஷின் இம்பாக்ட்ல ஒரு 'விஷ்'ஷுக்கு 160 ப்ரைமோஜெம். கேரக்டர் பேனர்ல 5 ஸ்டார் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம்னு கேம்லயே போட்டிருக்காங்க. 90வது விஷ்ல கட்டாயம் ஒண்ணு கொடுத்துடுவாங்க. இந்தக் கட்டாயத்தையும் சேர்த்து மொத்த சராசரி 1.6 சதவீதம்னும் அங்கேயே எழுதியிருக்கு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 89 விஷ் வரைக்கும் 0.6 சதவீதம் அப்படியே மாறாம இருந்து, 90ல மட்டும் கட்டாயம்னு வைங்க. அப்படின்னா சராசரியா ஒரு 5 ஸ்டாருக்கு 70 விஷ் கிட்ட ஆகணும். சதவீதத்துல சொன்னா 1.43. ஆனா அவங்க சொல்றது 1.6, அதாவது சராசரி 62.5 விஷ். இந்த ரெண்டு நம்பரும் ஒத்துப்போகலையே! அப்போ 90க்கு முன்னாடியே எங்கேயோ வாய்ப்பு ஏறுது.

எங்கே ஏறுதுன்னு ஆட்டக்காரங்களே கண்டுபிடிச்சாங்க. ஆயிரக்கணக்கானவங்க அவங்கவங்க விஷ் வரலாற்றைச் சேர்த்துக் கொட்டினாங்க. 74வது விஷ் வாக்குல இருந்து வாய்ப்பு வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சது. அதுக்கு 'சாஃப்ட் பிட்டி'ன்னு பேரும் வச்சாங்க. ஒருத்தர் தனியா எழுதின நோட்டால இது முடியாது. எல்லாரும் ஒரே வடிவத்துல எழுதினதாலதான் முடிஞ்சது: தேதி, எந்த பேனர், கடைசி 5 ஸ்டாருக்கு அப்புறம் எத்தனையாவது விஷ், என்ன கிடைச்சது.

இது தெரிஞ்சவங்க "50 தாண்டிட்டோம், இன்னும் ரெண்டு போட்டா வந்துடும்"னு அவசரமா காசு போட மாட்டாங்க. இது தெரியாம ஆசைப்பட்டு காசு போடுற தம்பி தங்கச்சிங்க உங்க வீட்லயும் இருக்கலாம். இந்த ஷீட்டைக் காட்டுங்க. கூடவே 'செலவான ரூபாய்'னு ஒரு காலமும் போட்டு, மாசக் கடைசியில கூட்டிப் பாருங்க. எந்த அறிவுரையையும் விட அந்த ஒரு நம்பர் நல்லா வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. தானா முன்வந்து ரிசல்ட்டை ஷேர் பண்றவங்க பெரும்பாலும் ரொம்ப அதிர்ஷ்டசாலிங்க, இல்லன்னா செம கடுப்புல இருக்கிறவங்க. நடுவுல இருக்கிறவங்க பேசுறதே இல்ல. நண்பர்கள் கூட சேர்ந்து டேட்டா சேர்த்தா, "இன்னையில இருந்து வர்ற எல்லா விஷ்ஷையும் எழுதணும்"னு முன்னாடியே பேசிக்கோங்க.

எந்த வெர்ஷன்? யார் சொன்னது?

எல்லா வரிசையிலயும் ரெண்டு காலம் இருந்தே ஆகணும். ஒண்ணு கேம் வெர்ஷன், இன்னொண்ணு ஆதாரம்.

வெர்ஷன் ஏன் முக்கியம்னு போக்கிமானை வச்சுப் புரிஞ்சுக்கலாம். "ஸ்டீல் டைப் மேல கோஸ்ட் அடி பாதிதான்" அப்படின்னு ஒரு நோட். இது சரியா தப்பா? ரெண்டாம் தலைமுறையில இருந்து அஞ்சாம் தலைமுறை வரைக்கும் சரி. 2013ல எக்ஸ், ஒய் வந்ததும் தப்பு, ஏன்னா ஸ்டீலுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை எடுத்துட்டாங்க. அதே 2013லதான் ஃபேரி டைப் வந்து, அதுவரைக்கும் நார்மலா இருந்த க்ளெஃபேரி ஃபேரி ஆச்சு. முதல் தலைமுறையிலயோ ஸ்டீல் டைப்பே கிடையாது. ஒரே வாக்கியம், மூணு காலத்துல மூணு பதில். வெர்ஷன் எழுதாத நோட்டை நம்பவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

ஆதாரக் காலத்துல மூணு வார்த்தை போதும்: 'பார்த்தது', 'படிச்சது', 'கேட்டது'. நீங்களே பண்ணிப் பார்த்ததும், யூடியூப்ல யாரோ சொன்னதும் ஒரே எடை கிடையாது. ரெண்டு வரிசை முரண்பட்டா எதை நம்புறதுன்னு இந்தக் காலம் சொல்லிடும்.

சின்னச் சின்ன கண்ணிவெடிகள்

முதல் வெடி, தேதி. "3-4 நாள் ஆகும்"னு நினைச்சு கட்டத்துல 3-4னு அடிச்சா எக்செல் அதைத் தேதியா மாத்திடும். சிரிக்காதீங்க, பெரிய பெரிய விஞ்ஞானிகளே இதுல மாட்டியிருக்காங்க. மார்ச்1, செப்ட்2ன்னு பேர் இருந்த மனித ஜீன்களை எக்செல் தேதின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஜீன்களுக்குப் பேர் வைக்கிற குழு, இந்தப் பிரச்சினைக்காக பேரையே மாத்திட்டு 2020ல புது வழிகாட்டுதலும் வெளியிட்டாங்க. நமக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டாம். 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்'னு ரெண்டு காலமா பிரிச்சிடுங்க.

ரெண்டாவது, காலிக் கட்டம். காலியா இருந்தா என்ன அர்த்தம்? பூஜ்ஜியமா, தெரியாதா, இல்ல பொருந்தாதா? மூணும் வேற வேற. பூஜ்ஜியம்னா 0 போடுங்க. தெரியலைன்னா காலியா விடுங்க. பொருந்தாதுன்னா அதையே எழுதுங்க.

மூணாவது, நம்ம மொழிக்கே உரிய வெடி. தங்கிலீஷ்ல பாதி, தமிழ்ல பாதி எழுதுவோம். 'ஸ்ட்ராபெர்ரி', 'ஸ்ட்ராபெரி' ரெண்டும் கம்ப்யூட்டருக்கு ரெண்டு பழம். இதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாததும் ஒண்ணு இருக்கு. 'கோடை'ன்னு எழுதுறப்போ அந்த 'கோ'வை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறி முழுசா ஒரே எழுத்தா வரலாம், இல்ல ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனியா வரலாம். பார்க்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. ஆனா நீங்க எழுதுற பைதான் கோடுல ரெண்டையும் ஒப்பிட்டா 'சமம் இல்ல'ன்னு சொல்லிடும். 'கோடை'ன்னு தேடினா பாதி வரிசை காணாமப் போகும். பைதான்ல இதைச் சரிபண்ண யூனிகோட் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கு. கோடிங் வேண்டாம்னா, பருவம், பயிர் பேரையெல்லாம் டைப் பண்ணாம டிராப்டவுன் லிஸ்ட்ல இருந்து மட்டும் தேர்ந்தெடுக்குற மாதிரி வச்சிடுங்க. வேலையும் மிச்சம்.

நாலாவது, கலர். சிவப்பு அடிச்சா முக்கியம், பச்சை அடிச்சா முடிஞ்சது. சிஎஸ்வியா சேமிச்ச உடனே கலர் எல்லாம் போயிடும். கலர்ல ஒரு அர்த்தம் இருந்தா அதுக்கு ஒரு காலம் போடுங்க.

எங்கே வைக்கிறது?

கூகுள் ஷீட்ஸ்ல ஆரம்பிங்க. மாசத்துக்கு ஒரு தடவை சிஎஸ்வியா இறக்கி வச்சுக்கோங்க. எக்செல்ல சேமிக்கிறப்போ 'சிஎஸ்வி யூடிஎஃப்-8'ங்கிறதைத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா தமிழ் எழுத்து கேள்விக்குறியா மாறிடும். டேபிள் அதிகமாச்சுன்னா எஸ்கியூலைட் கத்துக்கலாம். இலவசம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல்.

கூடவே ஒரு பக்கம் 'இந்தக் காலத்துக்கு என்ன அர்த்தம்'னு எழுதி வையுங்க. 'விலை'ன்னா வாங்குற விலையா, விற்கிற விலையா? இப்போ தெளிவா இருக்கும். எட்டு மாசம் கழிச்சு அந்த ஷீட்டைத் திறக்குற நீங்க கிட்டத்தட்ட வேற ஒரு ஆள். அவருக்காக எழுதுங்க.

பழைய நோட்டையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் அழிக்காதீங்க. எந்த வரிசை எந்தப் படத்துல இருந்து வந்ததுன்னு ஃபைல் பேரை ஒரு காலத்துல போட்டுட்டா, சந்தேகம் வந்தா திரும்பிப் போய்ப் பார்க்கலாம். யாருக்காவது ஷேர் பண்றதுக்கு முன்னாடி நண்பர்களோட பேர், ஐடி இருக்கான்னு பார்த்து எடுத்துடுங்க.

எல்லாத்தையும் கட்டத்துக்குள்ள அடைக்கணும்னும் இல்ல. "இந்த இடத்துல மியூசிக் மாறுனப்போ அழுதுட்டேன்"ங்கிறதுக்கு காலம் தேவையில்ல. கடைசியில 'குறிப்பு'ன்னு ஒரு காலம் விட்டு, மனசுல பட்டதை அப்படியே எழுதுங்க. திரும்பப் படிக்கிறப்போ ரொம்ப சந்தோஷப்படுறது அந்தக் காலத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு கேம், ஒரு கேள்வி, இருபது வரிசை. அவ்வளவுதான். பழைய நோட் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில ஏத்தப் பார்க்காதீங்க. அந்தக் கேள்விக்குத் தேவையானதை மட்டும் எடுங்க. விளையாடுற நடுவுல நிறுத்தி எழுத வேண்டாம், அது கேமையே கெடுத்துடும். விளையாடி முடிச்சு அஞ்சு நிமிஷம் போதும். இருபது வரிசை ஆனதும் நிறுத்திட்டு, உங்க கேள்விக்கு பதில் வருதான்னு பாருங்க. வரலைன்னா எந்தக் காலம் குறையுதுன்னு அதுவே காட்டிடும்.

நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல வாடிக்கையாளர் லிஸ்ட், ஸ்டாக் கணக்கு, லேப் ரீடிங்னு எது கையில வந்தாலும் இதே விதிகள்தான். அதைப் போரடிக்கிற ஒரு ஷீட்ல கத்துக்கிறதை விட, நீங்க ஆசையா நட்ட ப்ளூபெர்ரியில கத்துக்கிறது எவ்வளவோ மேல்.

உங்க ஷீட்ல என்ன கேள்வி கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. பதில் வராம போயிருந்தாலும் எழுதுங்க, அதுவும் ஒரு வரிசைதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.